சொக்குப்பொடி போட்டால் காவலாளி கதவைத் திறப்பாரா? 'டி அண்ட் டி' விளையாட்டில் வசிய மந்திரம்: கணக்கும் சட்டமும் சொல்வது என்ன?

டெல்லியில் ஆட்டோவில் போய் வருபவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் பழக்கமானதுதான். "காதல் கைகூடவில்லையா? மாமியார் பிரச்னையா? வசீகரண ஸ்பெஷலிஸ்ட் பாபா." கீழே ஒரு மொபைல் எண். பணத்தைக் கொடுத்து ஏமாறுபவர்கள் இன்னமும் இருப்பதால்தான் அந்த ஸ்டிக்கர் கிழியக் கிழியப் புதிதாக ஒட்டப்படுகிறது.

அதே ஊரில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இன்னொரு வகை வசியம் நடக்கிறது. இதில் பாபா கிடையாது. ஒரு மேசை, இருபது முகப் பகடை, சிப்ஸ் பாக்கெட், ஐந்தாறு நண்பர்கள். மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட்டில் நாங்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடிய ஒரு மதியத்தில், மந்திரவாதி கேரக்டராக ஆடிய நண்பர் கோட்டைக் காவலாளி மேல் 'சார்ம் பெர்சன்' என்ற வசிய மந்திரத்தைப் போட்டார். கதவு திறந்தது, எல்லோரும் கைதட்டினோம்.

அரை மணி நேரம் கழித்து அதே மந்திரத்தை எங்கள் குழுவிலேயே இருந்த தோழியின் கேரக்டர் மேல் போட்டார். "உன் மந்திர வாளை எனக்குக் கொடு."

"என் கேரக்டர் அப்படிச் செய்ய மாட்டா."

"செய்வா. நீ பகடையில தோத்துட்ட இல்ல?"

தோழி பகடையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு வாரம் யாரும் எதுவும் பேசவில்லை.

ஒரு கற்பனை மந்திரம் நிஜ நட்பில் எப்படி விரிசல் விட்டது? இந்த மந்திரங்கள் உண்மையில் என்னதான் செய்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியான விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். "நான் மதில் மேல ஏறறேன்" என்று சொன்னால், ஏறினாரா விழுந்தாரா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

1997-ல் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் இந்த விளையாட்டை வாங்கியது. 1999-ல் அந்த நிறுவனத்தையே 'ஹாஸ்ப்ரோ' வாங்கியது. இப்போது பரவலாக ஆடப்படுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பும், அதன் 2024 திருத்தமும்தான்.

இந்தியாவில் பலருக்கு இது அறிமுகமானது 2016-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் மூலமும், 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' வீடியோ கேம் மூலமும். அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டதால், பகடை செட் ஒன்று இருந்தாலே ஆடத் தொடங்கிவிடலாம். நம் பக்கத்துக் கதைகளும் உள்ளே வந்துவிட்டன. 2022-ல் வெளியான 'ஜர்னிஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பில் வங்காளத்தின் சாயலுள்ள ஒரு சாகசக் கதையை எழுதியவர் இந்திய எழுத்தாளர் மிமி மண்டல்.

"மாந்திரீகம் எல்லாம் பழகுறீங்களாமே?" என்று ஊரிலிருந்து அம்மா ஃபோனில் கேட்டால் பயப்பட வேண்டாம். 1980-களில் அமெரிக்காவிலும் இதைப் பேய் வழிபாடு என்று சொல்லிப் பெரிய பீதி கிளம்பியது. இந்த மந்திரம் எல்லாம் எண்களும் விதிகளும்தான்.

வசியத்தில் எத்தனை வகை?

நம் சித்தர் மரபில் அட்டகர்மம் என்று எட்டுச் செயல்களைச் சொல்வார்கள். வசியம், மோகனம், தம்பனம், ஆகர்ஷணம், உச்சாடனம், பேதனம், வித்துவேடணம், மாரணம். ஆளை இணங்க வைப்பது வேறு, அசையாமல் நிறுத்துவது வேறு, பிரித்து வைப்பது வேறு என்ற பாகுபாடு அதிலேயே இருக்கிறது. டி அண்ட் டி விதிகளும் அதே மாதிரிதான் பிரிக்கின்றன. முக்கியமானவை இவை:

• பிரெண்ட்ஸ்: மிக எளிய மந்திரம். முகத்தில் கொஞ்சம் ஒப்பனை பூசிக்கொண்டு போட வேண்டும். ஒரு நிமிடம்தான் வேலை செய்யும். 2014 விதிப்படி, நிமிடம் முடிந்ததும் எதிராளிக்கு விஷயம் புரிந்து உங்களைப் பகையாளியாகப் பார்ப்பார்.

• சார்ம் பெர்சன்: முதல் நிலை மந்திரம். ஒரு மணி நேரம் உங்களை நட்பான அறிமுகமாக நினைப்பார். முடிந்ததும், வசியம் போட்டது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

• கமாண்ட்: ஒரே ஒரு சொல் கட்டளை. "நில்", "ஓடு", "கீழே போடு" மாதிரி. அடுத்த முறை அவருடைய வாய்ப்பு வரும்போது அதைச் செய்வார். 2014 விதியில் உங்கள் மொழி அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தமிழ் தெரியாத காவலாளியிடம் "நில்" என்று கத்திப் பயனில்லை!

• சஜெஷன்: இரண்டாம் நிலை. ஓரிரு வாக்கியத்தில் ஒரு யோசனை சொல்லலாம், எட்டு மணி நேரம் வரை அதன்படி நடப்பார். 2014 பதிப்பில் யோசனை நியாயமாகத் தோன்ற வேண்டும். போடுவதற்குத் தேவையான பொருள்களில் பாம்பின் நாக்கும் உண்டு, கூடவே தேனடை அல்லது இனிப்பான எண்ணெய். கிட்டத்தட்ட நம்ம ஊர் சொக்குப்பொடி!

• டாமினேட் பெர்சன்: ஐந்தாம் நிலை. ஒரு நிமிடம் வரை ஆளையே ஆட்டிவைக்கலாம். ஆனால் அடிபடும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தப்பிக்க இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

• மாடிஃபை மெமரி: இதுவும் ஐந்தாம் நிலை. கடந்த 24 மணி நேரத்தில் நடந்த, பத்து நிமிடத்துக்கு மிகாத ஒரு சம்பவத்தின் நினைவையே மாற்றலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கீழ்நிலை மந்திரம் எதிராளியின் கருத்தை மாற்றுகிறது. மேல்நிலை மந்திரம் அவருடைய விருப்பத்தையே பறிக்கிறது. சார்ம் பெர்சன் முதல் வகை. வசியப்பட்டவர் உங்களைத் தாக்க மாட்டார், உங்கள் பேச்சு அவரிடம் எடுபடும். ஆனால் அவர் உங்கள் அடிமை ஆகிவிட மாட்டார். அப்போதுதான் அறிமுகமான நண்பரிடம் வாளைக் கேட்டால் கொடுத்துவிடுவாரா? விதிப்படி பார்த்தால் எங்கள் மேசையில் அன்று கேட்டதே தப்பு.

50 ஆண்டுகளில் வசியம் எப்படிச் சுருங்கியது?

சார்ம் பெர்சன் மந்திரம் 1974-ல் வந்த முதல் பதிப்பிலேயே இருக்கிறது. அதன் கால அளவை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

• 1974: இன்னொரு மந்திரத்தால் முறிக்கும் வரை நீடிக்கும்.
• 1978, 'அட்வான்ஸ்டு' பதிப்பு: எதிராளியின் புத்திக்கூர்மையைப் பொறுத்தது. புத்திசாலி சீக்கிரம் விடுபடலாம், மந்தமானவர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வார்.
• 2000, மூன்றாம் பதிப்பு: மந்திரவாதியின் நிலை ஒன்றுக்கு ஒரு மணி நேரம்.
• 2014, ஐந்தாம் பதிப்பு: ஒரே ஒரு மணி நேரம். முடிந்ததும் யார் போட்டார் என்பது தெரிந்துவிடும்.

மந்திரத்தின் பலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, போட்டவருடைய பொறுப்பு கூடியிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

வசியம் போட்டால் லாபமா, சும்மா பேசிப் பார்த்தால் லாபமா? ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

புதிதாக ஆடத் தொடங்கும் முதல் நிலை 'சோர்சரர்' ஒருவரை எடுத்துக்கொள்வோம். பேச்சுத்திறனுக்கு அவருடைய கூட்டல் மதிப்பு 5. அவர் மந்திரத்திலிருந்து தப்ப எதிராளி எடுக்க வேண்டிய எண் 13. எதிரே இருப்பவர் சாதாரணக் கோட்டைக் காவலாளி, மனவுறுதிக்குக் கூட்டல் எதுவும் இல்லை. பகடையில் 12 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் வசியப்படுவார். அதாவது 20-க்கு 12, 60 சதவீதம்.

2014 டஞ்சன் மாஸ்டர் கையேட்டில், அறிமுகமில்லாதவரிடமும் நண்பரிடமும் ஒரே உதவியைக் கேட்க வெவ்வேறு இலக்கு எண்கள் தரப்பட்டுள்ளன. வசியப்பட்டவரிடம் பேசும்போது பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வசியம் பலிக்காவிட்டால் காவலாளி உஷாராகி, பேச்சு அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிடைக்கும் விடை இது:

• ஆபத்தில்லாத சின்ன உதவி ("சத்திரத்துக்கு வழி எது?"): சும்மா கேட்டால் 80%, வசியம் போட்டால் 60%.
• கொஞ்சம் ஆபத்தான உதவி ("இந்தக் கதவைத் திறந்து விடுங்க அண்ணே"): சும்மா கேட்டால் 30%, வசியம் போட்டால் சுமார் 58%.
• பெரிய ஆபத்து ("சிறைச் சாவியைக் கொடுங்க"): சும்மா கேட்டால் வாய்ப்பே இல்லை, வசியம் போட்டால் சுமார் 31%.

சின்ன விஷயத்துக்கு வசியம் போடுவது நஷ்டம். நடுத்தர விஷயத்தில்தான் அது கிட்டத்தட்ட இரட்டிப்புப் பலன் தருகிறது. பெரிய விஷயத்தில் மூன்றுக்கு ஒரு தடவைகூட உறுதியில்லை. முதல் நிலை சோர்சரர் இளைப்பாறாமல் இந்த மாதிரி மந்திரத்தை இரண்டு தடவைதான் போட முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சண்டை நடக்கும்போது போட்டால் நிலைமை இன்னும் மோசம். எதிராளி தப்பிக்க இரண்டு முறை உருட்டலாம் என்பதால் 60 சதவீதம் 36 ஆகக் குறைகிறது. எல்ஃப் இனத்தவர் மீது போட்டாலும் அதே 36தான். சாம, தான, பேத, தண்டம் என்று நம்ம ஊரில் சொல்லும் வரிசை இங்கேயும் பொருந்தும். முதலில் பேசிப் பாருங்கள், அடுத்து காசு கொடுத்துப் பாருங்கள், மந்திரம் அப்புறம்.

2024 திருத்தத்தில் இந்த முறை எளிதாக்கப்பட்டுள்ளது. கேட்பதைச் செய்ய அவருக்கே விருப்பமிருந்தால் பகடையே வேண்டாம். சுத்தமாக விருப்பமில்லை என்றாலும் வேண்டாம், உருட்டிப் பயனில்லை. தயங்கினால் மட்டும் உருட்ட வேண்டும். இலக்கு 15 அல்லது அவருடைய புத்திக்கூர்மை எண், இரண்டில் எது பெரியதோ அது.

யாருக்கும் தெரியாமல் போட முடியுமா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். சார்ம் பெர்சன் போட வாயால் மந்திரம் சொல்ல வேண்டும், கையால் சைகை காட்ட வேண்டும். ராஜசபையில் பத்துப் பேர் முன்னால் நீங்கள் கையை ஆட்டி முணுமுணுத்தால், மந்திரவாதிகள் உள்ள உலகத்தில் அதற்கு என்ன அர்த்தம்? கத்தியை உருவுவதற்குச் சமம். மந்திரம் ராஜா மேல் பலித்தாலும் பக்கத்தில் நிற்கும் தளபதி பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

சோர்சரர்களுக்கு இதற்கு ஒரு வழி இருக்கிறது. 'சட்டில் ஸ்பெல்' என்ற திறன் இருந்தால் சொல்லும் சைகையும் இல்லாமலே போடலாம். மற்றவர்கள் தனியாகப் பேச இடம் பார்க்க வேண்டும், அல்லது கூட்டாளி ஒருவர் கவனத்தைத் திருப்ப வேண்டும். ஆட்டத்தில் சுவாரஸ்யம் பிறப்பதும் அந்த ஏற்பாட்டில்தான்.

வசியம் முடிந்த பிறகு என்ன ஆகும்?

ஒரு மணி நேரம் கழித்துக் காவலாளிக்கு விஷயம் தெரிந்துவிடும். அவருக்கு வேலை போகலாம், மேலதிகாரியிடம் புகார் செய்யலாம், ஊர் முழுக்க உங்கள் முகம் சுவரொட்டியில் வரலாம். மந்திரத்துக்கான விலையை யாரோ கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம் காப்பியத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. மணிமேகலை தனக்குக் கிடைத்த மந்திரத்தால் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். நோக்கம் நல்லதுதான், உதயகுமரனிடமிருந்து தப்பிப்பது. ஆனால் அவள் மணிமேகலைதான் என்று சந்தேகித்து அவன் தொடர்கிறான். காயசண்டிகையின் கணவன் காஞ்சனனோ, தன் மனைவியோடுதான் இவன் பழகுகிறான் என்று நினைத்து உதயகுமரனை வெட்டிவிடுகிறான். மந்திரம் கச்சிதமாக வேலை செய்தது. அதனால் செத்தது ஒருவன், கொலைகாரன் ஆனது இன்னொருவன். நல்ல டி.எம். யோசிக்க வேண்டிய பாணி இது.

சட்டத்தின் பார்வையிலும் பார்க்கலாம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்கிறது. 16-வது பிரிவு, ஒருவருடைய விருப்பத்தை அடக்கி ஆளும் நிலையில் இருப்பவர் அதைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெறுவதைத் 'தகாத செல்வாக்கு' என்று வரையறுக்கிறது. அப்படிப் பெற்ற ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யலாம். வசியம் போட்டு வியாபாரியிடம் பாதி விலைக்குக் குதிரை வாங்கினீர்களா? மறுநாள் அவர் பஞ்சாயத்தைக் கூட்டினால் டி.எம்.மைக் குறை சொல்லாதீர்கள்.

'உண்மை வளையம்' நார்கோ டெஸ்ட் மாதிரியா?

இரண்டாம் நிலையில் 'ஜோன் ஆஃப் ட்ரூத்' என்று ஒரு மந்திரம் உண்டு. 15 அடி ஆரமுள்ள வளையம், பத்து நிமிடம். அதற்குள் மாட்டியவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. யார் மாட்டினார், யார் தப்பினார் என்பது மந்திரம் போட்டவருக்குத் தெரியும்.

பல மேசைகளில் இதை விசாரணைக் கருவியாகத்தான் பயன்படுத்துகிறார்கள். "கட்டிப் போட்டு வளையத்துக்குள்ள தள்ளு, எல்லாத்தையும் கக்குவான்." ஆனால் விதி அப்படிச் சொல்லவில்லை. வளையத்துக்குள் இருப்பவருக்கு மந்திரம் இருப்பது தெரியும். அவர் பேசாமல் இருக்கலாம், சுற்றி வளைத்துப் பேசலாம். பொய்தான் தடை, மௌனம் தடையில்லை.

இந்தக் கேள்வியை டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் நிஜத்தில் சந்தித்திருக்கிறது. 2010 மே 5 அன்று 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நார்கோ அனாலிசிஸ், பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றை ஒருவர் மேல் கட்டாயமாக நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3) பிரிவும், தனிமனித சுதந்திரம் பற்றிய 21-வது பிரிவும்தான் அடிப்படை. சம்மதித்து எடுத்தாலும் சோதனை முடிவை மட்டும் நேரடிச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது.

உங்கள் கற்பனை ராஜ்ஜியத்தில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வளையத்துக்குள் சொன்னது சாட்சியமாகுமா? மந்திரம் போட்டவரே பொய் சொன்னால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளை வைத்தே ஒரு நாள் ஆட்டத்தை நடத்திவிடலாம்.

சக விளையாட்டாளர் மேல் போடலாமா?

இப்போது அந்த மயூர் விஹார் மதியத்துக்கு வருவோம். காவலாளி மேல் போட்டபோது கைதட்டியவர்கள், தோழி மேல் போட்டபோது ஏன் உறைந்து போனோம்?

காவலாளி டி.எம். ஆட்டுவிக்கும் பாத்திரம். டி.எம். கையில் அந்த உலகமே இருக்கிறது. தோழியிடம் இருப்பது ஒரே ஒரு கேரக்டர். அவள் என்ன நினைக்கிறாள், என்ன செய்கிறாள் என்று முடிவெடுப்பது மட்டும்தான் தோழிக்கு இந்த ஆட்டத்தில் உள்ள உரிமை. அதைப் பகடை போட்டுப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கிறது? வேடிக்கை பார்க்கத்தான் முடியும்.

இதற்கு மேசைகளில் பழக்கத்தில் உள்ள வழிகள் சில:

• செஷன் ஜீரோ: ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து, எது சரி, எது வேண்டாம் என்று பேசி முடிவு செய்வது.
• லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்: விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த முறை. சில விஷயங்கள் கதைக்குள் வரவே கூடாது, அது 'கோடு'. சில நடந்ததாகச் சொல்லிவிட்டு விவரிக்காமல் கடந்துவிடலாம், அது 'திரை'.
• எக்ஸ்-கார்டு: ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கியது. மேசை நடுவில் ஒரு அட்டை. யாருக்காவது சங்கடமானால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சி நிறுத்தப்படும்.

காதல் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. "அந்த இளவரசி மேல சார்ம் போட்டு மயக்கறேன்" என்பது சினிமா பார்த்த பழக்கத்தில் ஜோக்காக வந்துவிடும். சுயநினைவோடு 'சரி' சொல்ல முடியாத ஒருவரிடம் பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. ஆட்டோ ஸ்டிக்கர் பாபா விற்பதும் அதே சரக்குதான். அங்கே அது மோசடி, பலிக்காது. இங்கே பலிக்கும் என்பதால்தான் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. மேசையில் இருக்கும் யாருக்காவது அது நிஜத்தில் பட்ட அனுபவத்தை நினைவூட்டலாம்.

டி.எம்.களுக்கு நான்கு யோசனைகள்

1. மந்திரத்தை முடக்காதீர்கள். விளையாடுபவர் தன் கேரக்டருக்காகத் தேர்ந்தெடுத்த திறமை அது. எல்லா எதிரிகளுக்கும் வசியத் தடை கொடுத்தால் அவர் எதற்கு ஆட வர வேண்டும்?

2. "நட்பு" என்றால் என்ன என்று அந்தப் பாத்திரத்தை வைத்து யோசியுங்கள். நேர்மையான காவலாளி நண்பருக்காகவும் கதவைத் திறக்காமல், "தம்பி, மாட்டிக்குவீங்க, போயிடுங்க" என்று அக்கறையாகச் சொல்லலாம். அதுவும் வசியம் பலித்ததன் விளைவுதான்.

3. பின்விளைவைக் காட்டுங்கள், பழிவாங்காதீர்கள். ஏமாந்த காவலாளி மறுபடி கதையில் வரட்டும்.

4. விளையாடுபவரின் கேரக்டர் வசியப்பட்டால், அதை எப்படி ஆடுவது என்பதை அவரிடமே விடுங்கள். "அவரை இப்போ நண்பரா நினைக்கிறீங்க, என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் நீங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடிப்பார்கள்.

எங்கள் குழு என்ன ஆனது?

இரண்டு வாரம் கழித்து மந்திரவாதி நண்பர்தான் முதலில் ஃபோன் செய்தார். தோழியிடம், "நான் விதியைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கலை" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு எல்லோரும் மறுபடி உட்கார்ந்தோம். பகடையை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம்: ஒருத்தர் கேரக்டர் மேல் இன்னொருத்தர் மந்திரம் போடணும்னா முதலில் கேட்கணும். வேண்டாம்னு சொன்னா காரணம் கேட்கக் கூடாது. காதல் வசியம் கதையில் கிடையாது.

அன்று ஆட்டத்தின் பாதியில் தோழி தானாகவே சொன்னார்: "இப்போ என் மேல சார்ம் போடு. எதிரிக் கூட்டத்துக்கு நான் உன் பக்கம் சாய்ஞ்சிட்ட மாதிரி தெரியணும்."

நண்பர் பகடையை உருட்டவே இல்லை. கேட்டதும் அவரே சம்மதித்துவிட்ட பிறகு அதற்குத் தேவை இருக்கவில்லை.